மீட்டர் எந்த நாளில் ஓடுகிறது? இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, டென்மார்க்

பல்கலைக்கழகக் கட்டணத்தை மாணவர் கட்டுவதா, அரசு கட்டுவதா என்றுதான் மல்லுக்கட்டு நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவுக்குக் கவலை வேறு: ஒரு மாணவருக்கான பணம் எந்த நாளில் நம்முடையதாகிறது?

இங்கிலாந்தில் அதற்கு ஆண்டுக்கு மூன்று தேதிகள், பருவத்துக்கு ஒன்று. மாணவருக்குக் கடன் தரும் அரசு நிறுவனம் கட்டணத்தை மூன்று பருவங்களில் 25, 25, 50 சதவீதமாக நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது. மாணவர் படிப்பில் இருப்பதை உறுதிசெய்தால்தான் தொகை வரும். முதல் பருவத்தோடு ஆள் கிளம்பினால் முக்கால் பங்கு போச்சு. ஆகவே தக்கவைப்பதில் அக்கறை உண்டு. சிக்கல் விலையில். 2012இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டு ஆனது. கலைப் பாடங்களுக்கான கற்பித்தல் மானியம் நின்றது. ஆய்வகப் பாடங்களுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. 2015இல் சேர்க்கை வரம்பும் நீங்க, செலவு குறைந்த விரிவுரைப் பாடத்தில் கூட்டம் சேர்ப்பதே லாபமானது. 2017இல் 9,250 ஆன கட்டணம் 2025 வரை அசையவில்லை. விலைவாசி அசைந்தது.

ஆஸ்திரேலியாவில் ஒரு பாடத்துக்கு ஒரே நாள்: சென்சஸ் தேதி, அதாவது யார் படிப்பில் இருக்கிறார் என்று கணக்கெடுக்கும் நாள். பாடத்தின் 20 சதவீதக் காலமாவது கழிந்த பிறகே அதை வைக்கலாம். அதற்குள் விலகினால் கடன் இல்லை. மறுநாள் விலகினால் முழுக் கடனும் மாணவர் தலையில். 2021இல் விலையைக் காட்டி மாணவரைத் திருப்பப் பார்த்தார்கள்: வரலாற்றுக்கு ஆண்டுக்கு 14,500 டாலர், செவிலியர் படிப்புக்கு 3,950. சம்பளம் வந்தபின் கட்டும் கடன் பதினேழு வயதில் உறைக்குமா? அதைவிடப் பெரிய கோளாறு, பொறியியலில் மாணவர் பங்கோடு அரசுப் பங்கும் குறைந்தது. கூட்டம் சேர வேண்டிய துறையிலேயே தலைக்கான வரவு சரிந்தது.

டென்மார்க்கில் முறையின் பெயரே டாக்ஸிமீட்டர். அந்நாட்டு மாணவருக்குக் கட்டணம் கிடையாது. முன்பு, பெரும்பாலும் மாணவர் தேர்வில் தேறினால்தான் பல்கலைக்கழகத்துக்கு அரசின் காசு. அரியர் வைத்தால், நடத்திய வகுப்பெல்லாம் நஷ்டக் கணக்கு. கைதூக்கிவிட ஆசை வரத்தானே செய்யும்? 2019இல் மீட்டரைத் தணித்தார்கள்: 67.5 சதவீதம் தேர்ச்சிக்கு, 25 சதவீதம் நிலையான அடிப்படை மானியம், 7.5 சதவீதம் உரிய காலத்தில் முடிப்பதற்கும் வேலை கிடைப்பதற்கும்.

மூன்றில் எனக்கு இதுவே பிடித்தது, ஒரு நிபந்தனையோடு. அங்கே படிப்பின் மதிப்புப் புள்ளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை வெளித் தேர்வாளர் உட்கார்ந்து மதிப்பிட்டாக வேண்டும். தன் தாளைத் தானே திருத்தும் பல்கலைக்கழகத்தில் இதே மீட்டரைப் பொருத்தினால், முதல் ஆண்டே தேர்ச்சி விகிதம் ஏறும். பாடம் யாருக்கும் கூடுதலாகப் புரிந்திருக்காது.