அகத்தியர் கூடமா, மருந்துவாழ் மலையா?

நாகர்கோவில் பக்கம் மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மருந்துவாழ் மலையைத்தான். விடிகாலையில் பொற்றையடியிலிருந்து கிளம்பினால் வெயில் உறைக்கும் முன்பே உச்சிக்குப் போய்விடலாம். கண்ணுக்கெட்டிய தூரம் கடல். மேலே நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை.

அகத்தியர் கூடம் வேறு சங்கதி. 1,868 மீட்டர் உயரச் சிகரம். கேரள வனத்துறையின் அனுமதி வேண்டும்; போனக்காட்டிலிருந்து நடை, அதிருமலையில் இரவுத் தங்கல். கணுக்காலில் அட்டை ஏறியதே தெரியாது, ரத்தம் வடியும்போதுதான் குனிந்து பார்ப்போம். கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறுகையில் கை நடுங்கும், மேகம் ஈரமாக முகத்தில் மோதும். அந்த ஈரத்துக்காகவே என் ஓட்டு இதற்கு. முழங்கால் வலி இருக்கிறதா? அப்படியானால் மருந்துவாழ் மலையே போதும்.