மாத்திரையா, ஊசியா, டிரையலா?

அப்பச்சியின் கணக்கு நோட்டைப் புரட்டினாலே நோய் வந்த கதை தெரிந்துவிடும். முதல் பக்கங்களில் கொட்டை கொட்டையாக இருந்த எழுத்து போகப் போக எள்ளளவாகிவிட்டது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்தவர்களுக்கு எழுத்து இப்படிச் சிறுத்துப்போகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாங்கள் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். இப்போது காரைக்குடி வீட்டில் மூன்று வழிகளை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது, இப்போது சாப்பிடும் லெவோடோபா மாத்திரை. 1960களிலிருந்து இருக்கும் மருந்து. நோயை நிறுத்தாது, ஆனால் கைகாலை அசைய வைக்கும். வருஷம் ஆக ஆக ஒரு வேளை மாத்திரை தாங்கும் நேரம் குறையும். காலை எட்டு மணிக்குப் போட்டால் பதினொன்றரைக்கே அப்பச்சியின் காபி டம்ளர் தளும்ப ஆரம்பிக்கிறது. புரதம் அதிகமுள்ள சாப்பாடு மருந்து உடம்பில் ஏறுவதைக் கெடுக்கும் என்பதால், பலகாரத்துக்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, ஸ்டெம் செல் ஊசி, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்களை உடம்பில் ஏற்றுவது. சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. விசாரித்தால் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். இதில் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற குறிப்பிட்ட ரத்த நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டார்களா, பேச்சு முடிந்தது.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது: சென்னையில் ஒரு புது மருந்துக்கு நடக்கும் டிரையல், அதாவது நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வு. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கான அரசின் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்கிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறது. மருந்து இலவசம். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பல்லவன் ரயிலில் போய் வருகிற அலைச்சலைக்கூடச் சமாளித்துவிடலாம். சிக்கல், யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதைக் குலுக்கல் போலத்தான் பிரிப்பார்கள்.

ஆத்தாவுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பார்க்கின்சனில் நம்பிக்கையே மூளையில் டோபமைனை, அதாவது இந்த நோயில் குறைந்துபோகும் ரசாயனத்தை, சுரக்க வைக்கும்; போலி மருந்திலும் கொஞ்ச நாள் நடை தேறும். அதனால் போலியோடு ஒப்பிட்டால்தான் தேறியது மருந்தாலா, நம்பிக்கையாலா என்பது தெரியும். அமெரிக்காவில் கரு செல்களை மூளையில் வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. மொத்தம் 40 பேர். பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டார்கள், செல் வைக்கவில்லை. அப்படி ஒப்பிட்டதால்தான் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்பது வெளியே வந்தது. செல் வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு, முதலில் தேறியது போலிருந்து, பிறகு அடக்க முடியாத உடல் அசைவுகள் வந்தன. அப்பச்சிக்கு எழுபத்தொன்று.

என் மனசு டிரையல் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் லெவோடோபாவை நிறுத்தச் சொல்லாமல் இருந்தால் மட்டும். தமிழில் தந்த ஒப்புதல் படிவத்தைப் பட்டாலையில் உட்கார்ந்து அப்பச்சிக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்கு விழுந்தது போலின்னா, முடிஞ்சப்புறமாவது சொல்லுவாகளா?"

படிவத்தை மறுபடி பார்த்தேன். அதில் இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றில் அதைத்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.