பளபளக்கும் பழைய இசைத்தட்டு: பணம் அனுப்புமுன் படியுங்கள்

இணையத்தில் பழைய எல்பி ரெக்கார்டு தேடுபவர்கள் கவனத்துக்கு. "நியர் மின்ட் (கிட்டத்தட்ட புதுசு), முதல் அச்சு, கீறலே கிடையாது" என்று எழுதி, மின்னும் படங்களையும் போட்டிருக்கும் விற்பனையாளரிடம் பணம் அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள். அப்படியொரு தட்டுக்கு நல்ல விலை கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறேன். வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பார்சலில் வந்த உறை உண்மையிலேயே பழையது, ஓரம்கூட மடங்கவில்லை. தட்டிலும் கீறல் இல்லை. முள்ளை வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மெதுவான இடங்கள் ஓரளவு ஒப்பேறின. குரல் மேலே ஏறும்போதும், 'ச', 'ஸ' வரும் சொற்களிலும் ஒலி கரகரவென்று கிழிந்தது. லேபிளை நெருங்க நெருங்க இன்னும் மோசம். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் பார்த்தால், முள்ளின் நுனியில் கருப்பாகப் பிசுக்கு திரண்டிருந்தது. தட்டின் மேல் ஏதோ எண்ணெய்ப் பாலிஷைத் தேய்த்திருக்கிறார்கள். படத்தில் தெரிந்த பளபளப்பு அதுதான். கழுவிக் காயவைத்ததும் சாம்பல் பூத்த நிஜ முகம் வெளியே வந்தது.

ஒரு தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண் முழுதாகச் சொல்லாது. முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ். நல்ல காந்த கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய 1.5 முதல் 2 கிராம் அழுத்தத்தில் ஓடும். மலிவான பெட்டி ப்ளேயர்களில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 5 கிராமுக்குக் குறையாமல் அழுத்தும். தேய்ந்த முள்ளோடு அப்படி மீண்டும் மீண்டும் ஓட்டினால், ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவர்கள் அரைபடும். முதலில் பலியாவது உயர்ந்த சுருதிகள். உள்வட்டங்களில் ஒரு சுற்றின் நீளம் குறைவு என்பதால் அதே ஒலி இன்னும் நெருக்கமாகப் பதிந்திருக்கும். கேடு அங்கேதான் உரக்கக் கேட்கும். இத்தனைக்குப் பிறகும் மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தரம் எழுதுகிறவர்கள் இதை அறியாதவர்களா என்ன?

முதல் அச்சு என்பதும் பொய். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெற்று வளையத்தில், எந்தப் பதிப்பு என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும். இந்தத் தட்டில் இருந்த எண் பிற்கால மறுபதிப்புக்கு உரியது. அசல் உறைக்குள் வேறு தட்டைச் செருகி விற்றிருக்கிறார். எனக்கு அதிகம் வலித்தது இதுதான். தேய்மானத்தையாவது கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், உறை மாற்றம் தானாக நடக்காது.

விற்றவரிடம் கேட்டேன். "பழைய ரெக்கார்டுன்னா சத்தம் வரத்தான் செய்யும் சார், அதுதானே அதோட அழகு" என்றார். மேட்ரிக்ஸ் எண்ணின் படத்தை அனுப்பியதும், கோளாறு என் டர்ன்டேபிளில் என்றார். அதன் பிறகு பதிலே இல்லை. தூசியால் வரும் லேசான படபடப்பு வேறு, பள்ளம் அரைபட்டு எழும் இரைச்சல் வேறு. இரண்டையும் குழப்பி, பழமையின் அழகு என்று பெயர் சூட்டுவது நம் பிரியத்தை வைத்து நடத்தும் வியாபாரம்.

அந்தப் பிரியம் எனக்கும் நிறையவே உண்டு. 1948-இல் வந்த எல்பி, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடங்களைத் தாராளமாகக் கொடுத்தது. பாட்டைத் தாண்டிப் போக விரல் துடிக்காது, உட்கார்ந்து கேட்போம். பன்னிரண்டு அங்குல உறையில் வாசித்தவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். இணைய சேவை ஒன்று ஒப்பந்தம் முடிந்து ஆல்பத்தைத் தூக்கிவிட்டாலும் அலமாரியில் இருப்பது அங்கேயே இருக்கும். இதற்காகத்தான் இடம், எடை, செலவு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறோம்.

கேசட், சிடி வாங்குபவர்களும் தப்பவில்லை. "சர்வீஸ் செய்தது" என்று விற்கும் கேசட் டெக்கில் ரப்பர் பெல்ட் தார்போல உருகிக் கிடக்கலாம்; உள்ளே பெல்ட் மாற்றியதைக் காட்டும் படம் கேளுங்கள். கேசட்டின் நடுவே இருக்கும் சின்ன அழுத்தத் திண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். சிடியின் அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் அது பெரும்பாலும் வீட்டுக் கணினியில் எழுதியது. ஆலையில் அச்சான தட்டு பொதுவாக வெள்ளிநிறமாக இருக்கும்.

எல்பி வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு பக்கத்து மேட்ரிக்ஸ் எண்களின் படமும், இரு பக்கங்களிலும் கடைசிப் பாட்டு ஓடும் வீடியோவும் கேளுங்கள். முதல் பாட்டைப் போட்டுக் காட்டினால் போதாது, தேய்மானம் ஒளிந்திருப்பது கடைசியில். தயங்கினால் விட்டுவிடுங்கள். "180 கிராம்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்தும் மயங்காதீர்கள்; தட்டின் எடை கூடுவதால் மட்டும் ஒலியின் தரம் கூடிவிடாது. பணத்தைத் திரும்பக் கோர வழியுள்ள முறையில் மட்டும் செலுத்துங்கள். பார்சல் பிரிப்பதிலிருந்து முதல் முறை ஓட்டுவது வரை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள்.

வந்த தட்டு வழக்கத்துக்கு மீறி மின்னினாலோ விரலில் வழுக்கினாலோ முதலில் அதையும் படம் பிடியுங்கள். கழுவாமல் நல்ல முள்ளை அதன் மேல் வைக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) மென்மையான சோப்பு ஒரு துளி, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பு. லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் வடித்த நீரில் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். அதுவே நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டாக இருந்தால் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.