அம்மாவுக்கு மூன்று ஏற்பாடு: ஒரு ஏஜென்சி, இரண்டு முதியோர் இல்லங்கள்

அம்மாவுக்கு 79 வயது. ஷுகர், பிறஷர், போன வருடம் பாத்ரூமில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் நினைத்தால்தான் வேலை செய்யும். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், அண்ணா கனடாவில். பத்து மாதத்தில் மூன்று ஏற்பாடு செய்து பார்த்துவிட்டோம். பெயர் போடவில்லை, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆள். அம்மா தன் கட்டிலிலேயே படுக்கலாம், அது பெரிய விஷயம். ஆனால் மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள், ஒவ்வொருவருக்கும் இன்சுலின் எத்தனை மணிக்கு, தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூடாது, எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும் என்று ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பில்லில் ‘பயிற்சி பெற்றவர்’ என்று இருக்கும். வந்த பிள்ளைக்குக் குளுக்கோமீட்டர் பிடிக்கத் தெரியவில்லை. பாவம், அந்தப் பிள்ளையில் பிழையில்லை, அனுப்பியவர்களில்தான்.

அடுத்தது தெஹிவளைக்கு அங்கால் ஒரு இல்லம். மாமரம், வெளிச்சமான அறை, பளபளவென்று தரை. பின்னேரம் நான்கு மணிக்குப் போய்ப் பார்த்து இருபது நிமிடத்தில் மூன்று மாத அட்வான்ஸ் கட்டிவிட்டோம். நாங்கள் செய்த மடத்தனம் அதுதான். பகலில் தமிழ் பேசும் மேட்ரன் இருந்தார், இரவு டியூட்டியில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை, எல்லாம் சிங்களம்தான். அங்கே எல்லோருக்கும் அம்மா ‘ஆச்சி’, அந்த ஒரு சொல்தான் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொது. ‘வதுர’ என்று கேட்கப் பழகிவிட்டார், தண்ணீர் வந்தது. ஆனால் பாத்ரூமுக்கு எழுப்பிவிடச் சொல்லத் தெரியாமல், கூச்சத்தில், தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டார். ஐந்தாம் வாரம் என்னைப் பார்த்து, செத்துப்போன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறதி நோய் என்று அங்கே சொன்னார்கள், அதற்கென்று இருக்கும் இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள், விலையும் சொன்னார்கள். நல்ல காலம், எங்கள் டொக்டர் முதலில் சலத்தைச் சோதிக்கச் சொன்னார். சிறுநீரில் கிருமி. வயதானவர்களுக்கு அது வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் திடீரென்று பேச்சுக் குழம்பலாமாம். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் என் பெயர் திரும்ப வந்தது. மெல்ல மெல்ல வரும் மறதி வேறு, இரண்டு நாளில் வரும் குழப்பம் வேறு, இது தெரியாமல் ஆளை இடம் மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது, இப்போது இருப்பது, வெள்ளவத்தையிலேயே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பழைய வீடு. பெயின்ட் உரிந்திருக்கிறது, ஒரு அறைக்கு மூன்று பேர். இந்த முறை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அதில் யாருக்குத் தமிழ் தெரியும், 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து சுவசெரிய அம்புலன்ஸை யார் கூப்பிடுவார்கள் (அது இலவசம், அதற்குப் பில் போட்டால் சண்டை பிடியுங்கள்), கூட யார் ஏறுவார்கள் என்று எல்லாம் கேட்டேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி இல்லம் நடத்துபவர்கள் பதிய வேண்டும், அந்தப் பத்திரத்தையும் கேட்டேன். முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார்கள்.

இங்கே ஒரு நிபந்தனை: தானாகச் சாப்பிட வேண்டும், பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும். படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்திருக்க மாட்டார்கள், அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் நேர்ஸ் இருக்கும் இடம் வேறாகப் பார்க்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் கோபமில்லை. பம்பர்ஸும் மருந்தும் தனிக் கணக்கு, மாத முடிவில் துண்டு வரும்.

உங்கள் வீட்டு ஆள் நன்றாக நடமாடுகிறார், பகலில் தனிமைதான் பிரச்சினை என்றால் இதெல்லாம் இப்போது வேண்டாம், காலையில் விட்டுப் பின்னேரம் கூட்டிவரும் பகல்நேர நிலையத்தைத் தேடுங்கள். எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இப்போதைய இல்லத்துக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம் என்று இருந்தேன். சொதி தண்ணியாக இருக்கிறது, ஏழரை போடு என்று அம்மா சொன்னார்.