காட்டு வான்கோழி வேட்டைப் பதிவேடு: எண்ணிக்கைக்கு இடமுண்டு, வரம்புக்கு இடமில்லை

வசந்தகால வான்கோழி வேட்டை முடிந்து அமெரிக்க வேட்டைக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே 'வாழ்நாளில் மொத்தம் எத்தனை?' என்ற கேள்விக்கு வந்துவிடும். சிலர் அந்த எண்ணை மனக்கணக்காகவே வைத்திருப்பார்கள். சிலர் சுட்ட சேவல்களின் கால்முட்களை (காலின் பின்புறம் வளரும் கூர்முட்கள்) கயிற்றில் கோத்து மாட்டிவைத்து, வேண்டியவர் எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கை எழுதிவைப்பதற்கென்றே அச்சிடப்பட்ட வாழ்நாள் வேட்டைப் பதிவேடு ஒன்றைச் சில பருவங்களாகப் பயன்படுத்திவருகிறேன். ஒரே அச்சு வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு அட்டைகளோடு விற்கப்படுவதால் பெயரைக் குறிப்பிடுவதில் பயனில்லை; உள்ளே 49 மாநிலங்களின் வரைபடமும் கடைசியில், ஒருவர் ஒரு பருவத்தில் எத்தனை பறவைகளைச் சுடலாம் என்று சொல்லும் வேட்டை வரம்பு அட்டவணையும் இருந்தால் அது இதுதான்.

தாளைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. விடியற்காலைப் பனியில் நனைந்த விரல்களோடு புரட்டினாலும் பக்கங்கள் ஒட்டிக்கொள்வதில்லை. பென்சில் எழுத்து தெளிவாக நிற்கிறது, பேனா மை மட்டும் கொஞ்சம் பரவுகிறது. ஒரு பறவைக்கு ஒரு பக்கம். நாள், மாவட்டம், எடை, தாடியின் (மார்பிலிருந்து தொங்கும் முடிபோன்ற இறகுக்கற்றை) நீளம், இரு கால்முட்களின் நீளம், முதிர்ந்த சேவலா இளஞ்சேவலா என்ற விவரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. இளஞ்சேவலை அடையாளம் காண உதவும் சிறிய படமும் உண்டு; விரித்த வாலின் நடு இறகுகள் மற்றவற்றைவிட நீண்டு மேலே துருத்திக்கொண்டிருந்தால் அது ஒரு வயதுச் சேவல், எல்லாம் ஒரே சீராக இருந்தால் முதிர்ந்தது.

பின்னட்டையின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகோல்தான் பயன்படவில்லை. கால்முள்ளை, அது செதில் தோலிலிருந்து வெளிப்படும் இடத்திலிருந்து நுனிவரை, வெளிப்புற வளைவை ஒட்டியே அளக்க வேண்டும். நேரான அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நன்றாக வளைந்த முள்ளின் நீளம் குறைந்துவிடும். தையற்காரர் வைத்திருப்பதுபோன்ற வளையும் நாடாவோ ஒரு நூலோ இருந்தால் போதும். தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பின் மதிப்பெண் முறையில் கால்முள்ளுக்கே அதிக எடை என்பதால் இதை அற்ப விஷயமாகத் தள்ளிவிட முடியாது. பவுண்டில் எடை, அதனுடன் அங்குலத்தில் தாடி நீளத்தின் இரு மடங்கு, அதனுடன் இரு கால்முட்களின் கூட்டுநீளத்தின் பத்து மடங்கு என்பது அந்தக் கணக்கு. 20 பவுண்டு எடையும் 10 அங்குலத் தாடியும் ஓரங்குல முட்கள் இரண்டும் உள்ள சேவலுக்கு 60 மதிப்பெண் வரும். ஒவ்வொரு முள்ளிலும் கால் அங்குலம் தவறினால் ஐந்து மதிப்பெண் போய்விடும்.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். ஏட்டின் நடுவில் இரு பக்கங்களுக்கு விரியும் தொகுப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஆண்டு, மாநிலம், எண்ணிக்கை என்று மூன்றே பத்திகள். அந்த ஆண்டு அந்த மாநிலத்தில் ஒருவர் எத்தனை பறவைகளைச் சுடச் சட்டம் அனுமதித்தது என்பதை எழுத நான்காவது பத்தி இல்லை. வாழ்நாள் எண்ணிக்கையை ஒப்பிடுவதற்கென்று விற்கப்படும் ஒரு பொருளில் இந்த விடுபாட்டை என்னால் சிறியதாகக் கருத முடியவில்லை. அலபாமாவில் நெடுங்காலம் ஒருவருக்கு ஐந்து சேவல்கள்வரை அனுமதி இருந்தது. 2022 முதல்தான் அது நான்கு. ஒஹாயோவில் அதே 2022 வசந்தத்தில் வரம்பு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அலபாமாக்காரர் பழைய வரம்பின் கீழ் பத்துப் பருவங்களில் சேர்த்த 30 பறவைகளும், ஒஹாயோக்காரர் அதே பத்துப் பருவங்களில் சேர்த்த 18 பறவைகளும் பட்டியலில் வெறும் 30, 18 என்றே நிற்கும். முன்னவர் தமக்கு அனுமதிக்கப்பட்டதில் அறுபது விழுக்காட்டையும் பின்னவர் தொண்ணூறு விழுக்காட்டையும் நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதை அறிய வழியே இல்லை.

காலம் பின்னோக்கிப் போகப் போக இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. 1930களில் நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்ட பறவை இது. 1950களில் வெடிவிசையால் பறவைக்கூட்டத்தின்மேல் வீசப்படும் பீரங்கி வலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறு இடங்களில் விடத் தொடங்கிய பிறகுதான் பல மாநிலங்களில் மீண்டும் வேட்டைப் பருவம் திறந்தது. மிசூரியில் மறுவாழ்வுக்குப் பிந்தைய முதல் பருவம் 1960இல் நடந்தபோது மாநிலம் முழுவதிலும் சேர்த்துச் சுடப்பட்டவை 94. ஒஹாயோவில் 1966இல் வெறும் 12. அந்தக் காலத்தில் இரண்டு சேவல்களைச் சுட்ட ஒரு முதியவரின் கணக்கை 1990களின் செழிப்பில் தொடங்கியவரின் கணக்கோடு அருகருகே வைத்து யார் பெரியவர் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசிப் பக்கங்களில் உள்ள மாநிலவாரி வரம்பு அட்டவணை இந்தக் குறையை ஈடுசெய்யும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, அதுதான் ஏட்டின் ஆபத்தான பகுதி. என்னிடமுள்ள அச்சில் டென்னசிக்கு நான்கு என்று போட்டிருக்கிறது. அது 2021இல் மூன்றாகி, 2023இல் இரண்டாகிவிட்டது, பருவத்தின் தொடக்கமும் இரு வாரங்கள் தள்ளிப்போய்விட்டது. ஜார்ஜியாவுக்கு மூன்று என்றிருக்கிறது. 2022 முதல் அங்கு இரண்டுதான். பெட்டைக்கு இத்தனை குஞ்சுகள் என்று மாநில வனவிலங்குத் துறைகள் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு தென்மாநிலங்களில் சரிந்துவந்ததும், இணைசேரும் காலம் முடியுமுன் சேவல்களைச் சுடுவது முட்டையிடுதலைப் பாதிக்குமோ என்ற கவலையும் இந்தத் தொடர் குறைப்புகளுக்குப் பின்னால் இருக்கின்றன. இப்படி அடிக்கடி மாறும் ஒன்றை அட்டை போட்ட புத்தகத்தில் நிரந்தரமாக அச்சிட்டிருக்கக் கூடாது. இதை நம்பி ஜார்ஜியாவில் மூன்றாவது சேவலைச் சுடுபவர் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

எண் சரியாக இருக்கும் மாநிலங்களிலும் அட்டவணை பாதி உண்மையையே சொல்கிறது. தென் கரோலினாவில் உள்ளூர்வாசிக்கு மூன்று, வெளிமாநிலத்தவருக்கு இரண்டு என்ற வேறுபாடு 2020 முதல் உண்டு. அட்டவணையில் ஒரே எண். டெக்சாசில், காட்டு வான்கோழியின் உள்வகைகளில் ரியோ கிராண்டே வகை வாழும் மாவட்டங்களுக்கும் கிழக்கத்திய வகை வாழும் மாவட்டங்களுக்கும் வரம்பு வேறு. சில மாநிலங்களில் சேவல் மட்டும் என்றும், நியூயார்க் போன்ற இடங்களில் வசந்தத்தில் தாடியுள்ள பறவை என்றும் சட்டம் சொல்கிறது. பெட்டைகளில் ஒரு சிறு பங்குக்குத் தாடி முளைப்பதால் இரண்டும் ஒன்றல்ல. இலையுதிர்காலத்தில் பெட்டையையும் சுட அனுமதிக்கும் மாநிலங்களின் கணக்கும் இதே பட்டியலில்தான் கலந்து விழுகிறது.

இன்னொரு விடுபாடு நடைமுறை சார்ந்தது. சுட்ட பறவையை ஜார்ஜியாவில் 24 மணி நேரத்துக்குள்ளும் அலபாமாவில் 48 மணி நேரத்துக்குள்ளும் மிசூரியில் அன்றிரவு பத்து மணிக்குள்ளும் துறைக்கு அறிவித்தாக வேண்டும். அறிவித்ததும் ஓர் உறுதிப்படுத்தல் எண் கிடைக்கும். சட்டத்துக்குப் புறம்பாகச் சுட்ட உயிரினத்தை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்வதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் மத்தியக் குற்றமாக்கியிருப்பதால், வெளிமாநிலத்திலிருந்து இறைச்சியோடு திரும்புபவருக்குத் தாடியின் நீளத்தைவிட அந்த எண் முக்கியம். அதற்கு இந்த ஏட்டில் கட்டமே இல்லை. நான் எடைக் கட்டத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதிவருகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த ஏட்டை நான் கைவிடாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள 'அழைத்தவர் யார், சுட்டவர் யார்' என்ற வரி. பெட்டையின் குரலைக் கற்பலகையிலோ பெட்டியிலோ உரசி எழுப்பி, எச்சரிக்கை மிகுந்த ஒரு சேவலைத் துப்பாக்கி எட்டும் தொலைவுக்கு வரவழைப்பதுதான் இந்த வேட்டையில் அரிய கலை. விசையை இழுப்பது அதன் கடைசி நொடி. தம் வரம்பு முடிந்த பிறகும் மகனுக்காகவோ அண்டை வீட்டாருக்காகவோ அழைத்துக்கொடுப்பவர்களுக்கு வேறெந்தப் பட்டியலிலும் இடம் கிடைப்பதில்லை. இந்த வரியைத் தனியே கூட்டிப் பார்க்க வசதி செய்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன்.

மற்றது, வகைகளுக்கும் மாநிலங்களுக்குமான பக்கங்கள். கிழக்கத்திய வகை, புளோரிடாத் தீபகற்பத்தில் மட்டுமே உள்ள ஆசியோலா, ரியோ கிராண்டே, மெரியம் ஆகிய நான்கையும் சேர்த்தவர்களைக் கிராண்ட் ஸ்லாம் முடித்தவர்கள் என்பார்கள்; அதற்கு நான்கு கட்டங்கள். அடுத்த பக்கத்தில், காட்டு வான்கோழி இல்லாத அலாஸ்காவை விட்டுவிட்டு மீதி 49 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவை போதும் என்பதால் இங்கே வரம்பின் ஏற்றத்தாழ்வு கணக்கைக் குலைப்பதில்லை. வெளிமாநில உரிமக் கட்டணமும் பயணச் செலவும் குலைக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஒரே மாநிலத்தில், ஒரே வரம்பின் கீழ் வேட்டையாடுபவர் இதைத் தயங்காமல் வாங்கலாம். பல மாநிலங்களுக்குச் செல்பவர்கள் தைத்த பதிப்பைத் தவிர்த்து, வளையத்தில் கோக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது; அதில் தொகுப்புப் பட்டியலை எடுத்துவிட்டு, வரம்புக்கும் உறுதிப்படுத்தல் எண்ணுக்கும் பத்திகள் போட்ட தாளை நாமே அச்சிட்டுச் செருகிக்கொள்ளலாம். கடைசி அட்டவணையைக் கிழித்துவிட்டு, அந்தந்த ஆண்டு மாநிலத் துறை வெளியிடும் விதிமுறைக் கையேட்டை அந்த இடத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். உறை அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது.