ஜிம், நடை, வீட்டுப் பயிற்சி, ஷட்டில்: பத்து நாள் விட்டுப்போனால் எதற்குத் திரும்புவது எளிது?

முதல் மூன்று வாரம் எந்தப் பயிற்சியும் நன்றாகத்தான் போகும். அதனால் அந்த வாரங்களை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். காய்ச்சல், ஊர்ப் பயணம், அலுவலக நெருக்கடி என்று ஏதோ ஒன்றில் பத்து நாள் விட்டுப்போகும். பதினோராம் நாள் திரும்பி வருவது எதில் எளிது? நான்கு வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே அளக்கிறோம்.

தேவையான அளவு பெரிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு.

ஜிம்மில் இருந்தே தொடங்கலாம், அதிகம் பணம் வீணாவது அங்கேதான். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களை டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் முறைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். கட்டிய பணம் நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை பொய்த்த கணக்கு இது. நம் ஊரிலும் ஆண்டுச் சந்தாவுக்குத் தரும் தள்ளுபடியைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று மாதம் மாதச் சந்தா கட்டுங்கள். மூன்று மாதமும் எட்டு முறைக்குக் குறையாமல் போனால், பிறகு ஆண்டுச் சந்தா.

வலு சேர்க்க ஜிம்முக்கு நிகர் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் திரும்பி வரும் நாளில் அதுவே எதிரி. பழைய எடையையே தூக்குவார்கள். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது. மறுபடி ஒரு வாரம் போய்விடும். முதல் இரண்டு நாள் பழைய எடையில் 60 சதவீதம், மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு செட் போதும். வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் இருக்கும் ஜிம் மட்டுமே தாங்கும். வீட்டுக்குப் போய் உடை மாற்றிக் கிளம்ப வேண்டியது என்றால், சோர்வான நாளில் கிளம்ப மாட்டோம்.

நடைக்குத் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் எளிது: செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும். துணையோடு நடந்தால் இன்னும் நிலைக்கும், ஆனால் இருவர் மட்டும் சேர்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றுவிடுவார். மூவர் சேருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மே மாதத்தில் கத்தரி வெயில், இந்த இரண்டும்தான் நடையைக் கெடுப்பவை. மழைக்கு மாடிப்படியையோ மொட்டை மாடியின் மூடிய பகுதியையோ முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். வெயிலுக்குக் காலை ஆறரைக்குள் முடியுங்கள். பத்தாயிரம் அடி எட்டவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. நடையின் உண்மையான குறை வேறு. கை, தோள், முதுகுக்கு அதில் வலு சேராது.

அந்தக் குறையைத் தீர்ப்பது வீட்டுப் பயிற்சி. அதுவே முதலில் நின்றுபோவதும். தூரம் இல்லை, செலவு இல்லை, கேட்பாரும் இல்லை. 45 நிமிட வீடியோவோடு தொடங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பன்னிரண்டு நிமிடம் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல் 10, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, 5 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து இடுப்புவரை இழுத்தல் கைக்குப் பத்து, முழங்கை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க் 20 வினாடி. இதை மூன்று சுற்று. வாரம் இரண்டிரண்டாகக் கூட்டி 20 ஆனதும், சுவரை விட்டு மேசை விளிம்புக்கு இறங்குங்கள். அதே எண்ணிக்கையிலேயே மாதக்கணக்கில் நின்றால் வலு கூடாது. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள். காலையில் ஃபில்டரில் டிகாஷன் இறங்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.

‘21 நாளில் பழகிவிடும்’ என்பதை நம்பிப் பலர் இருபத்திரண்டாம் நாள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்ததில், பழக்கமாகப் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை.

ஷட்டிலுக்கு ஆர்வத்தை வரவழைக்கத் தேவையே இல்லை, ஆட்டமே இழுக்கும். நால்வர் வராவிட்டால் இரட்டையர் ஆட்டம் இல்லை என்பதால் போன் வந்துகொண்டே இருக்கும். நால்வருக்கு ஆறு பேர் கொண்ட குழு வைத்தால் கோர்ட் காலியாகாது. ஆனால் இடைவெளிக்குப் பின் நேரே ஆட்டத்தில் இறங்கினால் கணுக்காலும் கெண்டைக்காலும் போகும். பத்து நிமிடம் உடலைச் சூடாக்கி, முதல் நாள் இரண்டு ஆட்டத்தோடு நிறுத்துங்கள். ஓட்டத்துக்கான தடித்த அடிப்பாக ஷூ வேண்டாம். பக்கவாட்டில் கால் மடங்கும்.

எதை எடுத்தாலும் தினமும் அதே நேரத்தில்தான் என்ற பிடிவாதம் வேண்டாம். கூகுள் ஊழியர்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், குறித்த நேரத்தில் ஜிம்முக்குப் போனால்தான் பரிசு என்ற குழுவைவிட எந்த நேரம் போனாலும் பரிசு என்ற குழுவே, பரிசு நின்ற பிறகும் அதிகம் போனது. நேரம் தவறினால் அன்றைய நாளே போயிற்று என்று முதல் குழு பழகிவிட்டது. காலை ஆறு மணியோடு மாலை ஏழு மணியையும் எழுதி வையுங்கள். அதே ஆண்டு 61,293 ஜிம் உறுப்பினர்களிடம் 54 உத்திகளைச் சோதித்தார்கள். முதலிடம் பெற்றது, தவறவிட்ட பின் திரும்பி வந்தவருக்குச் சில காசு மதிப்புள்ள கூடுதல் புள்ளி தந்த உத்தி.

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் தேர்வு: மூவராக வாரம் ஐந்து நாள் அரை மணி நடை, இரண்டு நாள் பன்னிரண்டு நிமிட வீட்டுப் பயிற்சி, குழு அமைந்தால் ஞாயிறு ஷட்டில். விட்டுப்போனால் திரும்பும் வாரம் இப்படி: முதல் நாள் பத்து நிமிட நடை மட்டும், மூன்றாம் நாள் வீட்டுப் பயிற்சியில் ஒரே சுற்று, ஐந்தாம் நாள் இருபது நிமிட நடை. விட்ட நாட்களை ஈடுகட்ட எதையும் கூட்டாதீர்கள்.