வருஷமா, மார்க்கா, போனஸா?

எட்டாவது ஊதியக் குழு பேச்சு வந்ததிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் டீக்கடையில் சென்ட்ரல் கவர்மென்ட் ஆட்கள் கூடினால் இதே கேள்விதான்: "அண்ணாச்சி, மார்க் போட்டுத்தான் சம்பளம்னு ஆக்கிருவானுவளோ?" வெறும் வதந்தி என்று தள்ள முடியாது. எல்லா ஊழியருக்கும் செயல்திறன் சார்ந்த ஊதியம் வேண்டுமென்று 2015லேயே ஏழாவது குழு எழுதிக் கொடுத்துவிட்டது.

இப்போதைய முறை எளிது. லெவல் 4 என்ற சம்பள நிலையில் 25,500 ரூபாயில் சேர்ந்தவருக்கு முதல் இன்கிரிமென்ட்டில் 26,300. ராத்திரி எட்டு மணிவரை ஃபைல் பார்க்கிறவருக்கும் அதே 3 சதவீதம், மத்தியானமே ஸ்கூட்டரை எடுக்கிறவருக்கும் அதே. எரிச்சல்தான், எனக்கும் உண்டு. ஆனால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். வீட்டு லோன் போடும்போது பத்து வருஷச் சம்பளத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மார்க் முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் சிவிலியன் ஊழியர்களிடம் சோதித்துப் பார்த்தது. 2003இல் சட்டம். பழைய 15 கிரேடுகளுக்குப் பதில் அகலமான சம்பளப் பட்டைகள், 1 முதல் 5 வரை மார்க். உயர்வுக்கான பணம் ஒரு பொதுப் பானையில்; மார்க்குக்குத் தக்க பங்கு. பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மார்க் வாங்கினால் என் பங்கின் மதிப்பு குறையும். அப்புறம் யார் யாருக்கு வேலை சொல்லிக் கொடுப்பார்? பாரபட்சம் என்று சங்கங்கள் சண்டை போட, 2009இல் அதை ரத்து செய்தார்கள்.

மூன்றாவது வழி ஜங்ஷனுக்குள்ளேயே இருக்கிறது. ரயில்வேயின் உற்பத்தித்திறன் போனஸ்: வருஷத்துக்கு 17,951 ரூபாய் வரை. பாயின்ட்ஸ்மேனுக்கும் கிளார்க்குக்கும் ஒன்றுதான். மாசச் சம்பளத்தில் கை வைப்பதில்லை. சோம்பேறிக்கும் கிடைக்கும், சரி. ஆனால் கூட வேலை பார்க்கிறவரைப் போட்டியாளியாக்காது. என் ஓட்டு, வருஷ இன்கிரிமென்ட்டோடு இப்படி ஒரு போனஸுக்குத்தான்.

மார்க்கை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை, எங்கள் ஆபீஸ் தபால் செக்‌ஷனில் இருக்கிறது. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 வருஷத்தில் வரும் சம்பள நிலை உயர்வுக்கு 2016 முதல் ஆண்டு மதிப்பீட்டில் 'மிக நன்று' வேண்டும். எங்கள் செக்‌ஷன் அண்ணாச்சி அந்த மதிப்பீட்டுப் படிவத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழித்தார். "சாதனை என்னன்னு கேக்கான். தபால் வந்தாத்தானவே பிரிக்க முடியும்?" கடைசியில், 'வந்த தபால் அனைத்தும் அன்றன்றே பிரித்து அனுப்பப்பட்டது' என்று எழுதினார்.

வேலையை மூன்று மாதம் பார்த்திருந்தாலே ஓர் அதிகாரி மதிப்பீடு எழுதலாம். 2009 முதல் அதை ஊழியரிடம் காட்டியாக வேண்டும். ஆட்சேபிக்க 15 நாள். அண்ணாச்சிக்கு வந்தது 'நன்று'. ஏன் என்று கேட்கப் போனார். எழுதிய அதிகாரி அதற்குள் மாற்றலாகி ஒடிசா போயிருந்தார்.